பந்துத் திடலும் பருத்த சரீரமும்



மாலை வேளைகளில் நம் சங்கத்து வாலிபர்கள் பந்தாடும் திடலின் ஓரத்தில் ஒரு நீண்ட பலகை கிடக்கிறது. அதில் தினமும் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று கவனித்ததுண்டா? எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள். கடை வைத்திருப்போர், கணக்கு எழுதுவோர், டாக்சி ஓட்டுவோர். ஒரு காலத்தில் இதே திடலில் ஓடி ஆடியவர்கள். இன்று வயிறு முன்னே போக, முழங்கால் வலிக்க, பலகையில் அமர்ந்து பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுக்கிறார்கள். நாமும் அப்பலகையில் பல வருடம் இடம் பிடித்தவர்கள்தாம்.

அங்கே நம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர் ஒருவர் 51 வயதில் மௌத்தானார். வாலிபத்தில் நல்ல கோல் காவலர். பின்னாளில் நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் சேர்ந்துகொண்டன. எடை 100 கிலோவைத் தாண்டியது. போகும்போதெல்லாம் டாக்டர் "நடக்க வேண்டும்" என்றார். இவரும் அப்போதெல்லாம் "சரி" என்றார். ஒரு நாள் காலையில் கடை திறக்குமுன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். அல்லாஹ் அவருடைய கபுறை விசாலமாக்குவானாக. ஆயுள் அவன் குறித்தது. அதில் நமக்குப் பேச்சில்லை. ஆனால் ஒன்று மட்டும் நம் மனத்தை உறுத்துகிறது. ஐந்து வருடம் அவர் திடலின் ஓரம் வரை வந்தார். "வாருங்கள் பாய், ஒரு சுற்று நடப்போம்" என்று அவரை ஒருவரும் கூப்பிடவில்லை. நாம் அவருக்குத் தே தாரிக் வாங்கிக் கொடுத்தோம்.

ஆகவே இம்மாதப் பாடத்தை இந்த விஷயத்துக்கே வைத்துக்கொண்டோம். பருத்த சரீரமுள்ள ஆண்பிள்ளைகளைத் திடலுக்குள் அழைத்து நடக்க வைப்பது எப்படி என்பதை ஒரு தேசத்தார் செய்து காட்டியிருக்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் நம் மகன் அதை ஆங்கிலத்தில் வாசித்துப் பொருள் சொல்ல, நாம் கேட்டுக் குறித்துக்கொண்டவற்றைக் கீழே தருகிறோம்.

ஸ்காட்லாந்தில் நடந்தது

ஸ்காட்லாந்து தேசத்தின் கிளாஸ்கோ நகரில் செல்டிக் என்றொரு காற்பந்து கிளப் உண்டு. நம்மவருக்கு அது முற்றிலும் அந்நியமன்று. 1936ல் கல்கத்தா முகம்மதன் ஸ்போர்ட்டிங் கிளப்பின் ஆட்டக்காரர் முகம்மது சலீம் அங்கே சென்று, பூட்ஸ் அணியாமல், காலில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு இரண்டு பந்தயங்கள் ஆடி வெள்ளைக்காரர்களை வியக்க வைத்தார். அந்தக் கிளப் 1887ல் தோன்றியதன் நோக்கம் யாதெனில், கிளாஸ்கோவின் ஏழைக் குழந்தைகளுக்கு உணவளிக்கப் பணம் திரட்டுவதாகும். பசித்தவருக்கு உணவு தேடப் பிறந்த கிளப், நூற்றிருபது வருடங்களுக்குப் பின், அளவுக்கு மீறி உண்டவர்களுக்காகவும் கதவைத் திறக்க வேண்டி வந்தது. கால மாறுதல் அப்படி.

அத்தேசத்து ஆண்களும் நம்மைப் போன்றவர்களே. வயது ஏற ஏற உட்கார்ந்த உத்தியோகம், கொழுத்த இறைச்சிப் பண்டங்கள், அதோடு அவர்களுக்கு மதுபானம் வேறு. எடை குறைப்பதற்கென்று ஊரில் வகுப்புகள் இருந்தும் ஆண்கள் அவற்றை எட்டிப் பார்ப்பதில்லை. அது பெண்களுக்குரிய இடம் என்ற எண்ணம். பருத்த உடம்பைப் பிறர் பார்த்து நகைப்பார்களோ என்ற வெட்கம். ஆனால் அதே ஆண்கள் மழையானாலும் பனியானாலும் தங்கள் கிளப்பின் பந்தயத்துக்குப் போகத் தவறுவதில்லை.

இதைக் கண்ட கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தாரும் வேறு அறிஞர்களும் காற்பந்து கிளப்புகளோடு கூடி, "பயிற்சியில் காற்பந்து ரசிகர்கள்" என்று பொருள்படும் பெயரில் 2010ல் ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். அந்நாட்டின் முதல் தரக் கிளப்புகள் அதில் சேர்ந்தன. 35 முதல் 65 வயதுக்குட்பட்ட பருத்த ஆண்களுக்கே இடம். வாரம் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம், 12 வாரங்கள். கட்டணம் கிடையாது. சொல்லிக் கொடுப்பவர் அந்தக் கிளப்பின் பயிற்சியாளர். சேர்ந்தவர்களுக்குக் கிளப்பின் சட்டையும், காலடிகளை எண்ணும் சிறு கருவியும் கொடுத்தார்கள். முதலில் ஓர் அறையில் அமர்ந்து உணவைப் பற்றியும் பழக்க வழக்கங்களைப் பற்றியும் பேச்சு. பிறகு திடலைச் சுற்றி நடை, அவரவர் சக்திக்கேற்ற தேகாப்பியாசம். சிறு வயது முதல் தூரத்திலிருந்து பார்த்த புல்தரையில் தாங்களே கால் வைத்ததும் அம்மனிதர்களுக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லவும் வேண்டுமோ?

இது உண்மையிலேயே பயன் தருகிறதா என்று சோதித்தும் பார்த்தார்கள். 13 கிளப்புகளில் 747 ஆண்களைச் சேர்த்து, சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை உடனே பயிற்சியில் சேர்த்தார்கள். மறு பகுதியினருக்கு ஒரு வருடம் கழித்து இடமுண்டு என்றார்கள். ஆரம்பத்தில் அவர்களுடைய சராசரி எடை 109 கிலோவைச் சுற்றி இருந்தது. ஒரு வருடம் சென்றபின் நிறுத்துப் பார்த்ததில், பயிற்சி பெற்றவர்கள் சராசரி ஐந்தரைக் கிலோ குறைந்திருந்தார்கள். காத்திருந்தவர்கள் குறைந்தது அரைக் கிலோ அளவே. 'லான்செட்' என்னும் பெயர்பெற்ற வைத்தியப் பத்திரிகை 2014ல் இதை வெளியிட்டது. மூன்றரை வருடம் கழித்துப் பார்த்தபோதும் முதலில் இருந்த எடையைவிடச் சுமார் 3 கிலோ குறைவாகவே இருந்தார்கள். குறைத்ததில் ஏறக்குறைய பாதி திரும்பிவிட்டது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆயினும் வியாபாரம் செய்யும் நமக்குத் தெரியும்: மூன்றரை வருடம் கழித்துப் பாதி லாபம் கையில் நிற்குமானால் அது நல்ல வியாபாரம்தான்.

இதைப் பார்த்து ஜெர்மனியில் காற்பந்தை வைத்தும், கனடாவில் பனித்தரை ஹாக்கியை வைத்தும், நியூசிலாந்தில் ரக்பியை வைத்தும் இவ்விதத் திட்டங்களை நடத்தினார்கள். எந்த ஊரில் எந்த ஆட்டத்தின் மேல் ஆசையோ, அதையே வாசலாக வைத்தார்கள்.

வெற்றிக்குக் காரணங்கள்

இதில் நாம் கற்க வேண்டியவை நான்கு.

முதலாவது, இடம். டாக்டர் சொன்ன புத்திமதிக்கும் கிளப்பில் சொன்ன புத்திமதிக்கும் வித்தியாசம் அதிகமில்லை. குறைவாக உண், அதிகமாக நட என்பதே இரண்டும். ஆனால் சரக்கு நல்லதாய் இருந்தும் கடைப்படி உயரமாய் இருந்தால் கிழவர்கள் ஏறமாட்டார்கள் அல்லவா? கிளப்புக்காரர்கள் படியைத் தாழ்த்தினார்கள். ஆசையோடு தானாக வருகிற இடத்திலேயே சரக்கை வைத்தார்கள்.

இரண்டாவது, கூட்டம். தன்னைப் போலவே வயிறு பெருத்த, மூச்சு வாங்குகிற, அதே கிளப்பின் மேல் பித்துக்கொண்ட மனிதர்கள் சுற்றி இருந்தால் வெட்கம் போய்விடுகிறது. கேலியும் சிரிப்புமாக நடக்கிறார்கள். ஒருவர் வராவிட்டால் மற்றவர் விசாரிக்கிறார். ஜமாஅத்தின் பரக்கத்தை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, கணக்கு. எடுத்த எடுப்பில் ஓடச் சொல்லவில்லை. முதலில் தினமும் எத்தனை அடி நடக்கிறோம் என்று கருவியில் பார்த்து எழுதச் சொன்னார்கள். பிறகு அந்தத் தொகையின் மேல் சிறிது சிறிதாகக் கூட்டினார்கள். பிறருடைய கணக்கோடு போட்டியில்லை. தன் பழைய கணக்கோடுதான் போட்டி.

நான்காவது, கைவிடாமை. 12 வாரம் முடிந்ததும் "போய் வாருங்கள்" என்று விட்டுவிடவில்லை. பின்னர் வந்த மாதங்களில் அவ்வப்போது மின்னஞ்சல் அனுப்பி ஞாபகப்படுத்தினார்கள். சில மாதங்கள் கழித்து எல்லாரையும் மறுபடி கூட்டிப் பேசினார்கள்.

நம் தவறான கணக்கு

கடை வைத்திருக்கும் நம்மவரிடம் "நடங்கள்" என்றால் வரும் பதில் ஒன்றே: "காலை முதல் இரவு வரை கடையில் நின்றுகொண்டுதானே இருக்கிறோம்? இதற்கு மேல் என்ன நடை?" நாமும் இப்படியே சொல்லி வந்தோம். பிறகு ஒரு வாரம் கைத்தொலைபேசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காலடிகளை எண்ணிப் பார்த்தோம். பதினான்கு மணி நேரம் கடை. காலடிகளோ 3,000 சொச்சம்! கல்லாவுக்கும் அலமாரிக்கும் நடுவே நான்கு எட்டு. பிறகு முக்காலியில் உட்கார்வது. களைப்பு இருந்தது உண்மை. ஆனால் களைப்பு வேறு, நடை வேறு. பேரேட்டைப் பார்க்காமல் லாபம் வருகிறது என்று நம்பிக்கொண்டிருந்த வியாபாரியின் நிலைதான் நம் நிலை.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. ஸ்காட்லாந்துத் திட்டத்தைப் பின்பற்றி இங்கிலாந்து, நெதர்லாந்து, நார்வே, போர்த்துகல் ஆகிய நாடுகளில் 15 காற்பந்து கிளப்புகளில் 1,113 ஆண்களை வைத்து வேறொரு சோதனை நடத்தினார்கள். முடிவு 2019ல் வெளியாயிற்று. ஒரு வருடம் கழித்து, பயிற்சி பெற்றவர்கள் மற்றவரைவிட நாள் ஒன்றுக்குச் சுமார் 680 அடி அதிகம் நடந்தார்கள். ஆனால் உட்கார்ந்திருக்கும் நேரமோ குறையவில்லை. கால்களை நடக்கப் பழக்கலாம்; நாற்காலியை விட்டு மனிதனைப் பிரிப்பது அதனினும் கடினம் என்பது தெரிகிறது. ஆகவே நாற்காலியோடு சண்டையிட்டுக் காலத்தைக் கழிக்காமல், நடையைக் கூட்டும் வழியை முதலில் பார்ப்போம்.

நாள் ஒன்றுக்கு 10,000 அடி நடந்தாக வேண்டும் என்று பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்த எண் வைத்தியர்கள் ஆராய்ந்து விதித்ததன்று. 1965ல் ஜப்பானில் காலடி எண்ணும் கருவியொன்றை விற்றவர்கள் அதற்கு வைத்த பெயரே "பத்தாயிரம் அடிக் கருவி" என்பதாகும். அதிலிருந்து பரவிய எண் இது. பத்தாயிரம் அடி பர்ளு அல்ல. உலகச் சுகாதார ஸ்தாபனம் 2020ல் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பு. நிமிடத்துக்கு நூறு அடி என்ற வேகத்தில் நடந்தால் அது மிதமான உழைப்பாகும். அரை மணி நடந்தால் 3,000 அடி. வாரத்தில் ஐந்து நாள் அப்படி நடந்தால் 150 நிமிடக் கணக்கு நேராகிவிடுகிறது.

தீன் காட்டும் வழி

நடையை இபாதத்தோடு சேர்த்து வைத்தது நம் மார்க்கம். பனூ ஸலிமா கூட்டத்தார் மதீனாப் பள்ளிவாசலுக்குத் தூரத்தில் குடியிருந்தனர். பள்ளிக்கு அருகே குடிமாற அவர்கள் நாடியபோது, இருக்கும் இடத்திலேயே இருக்கும்படியும், அவர்கள் எடுத்து வைக்கும் காலடிகள் பதியப்படுவதாகவும் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். அல்லாஹ்விடத்தில் காலடிக்குக் கணக்கு உண்டென்று அறிந்த சமுதாயம், பள்ளிவாசல் வாசல் வரை மோட்டார் சைக்கிளில் போய் இறங்குவது நியாயமா? பெருமானார் (ஸல்) அவர்கள் சனிக்கிழமைதோறும் குபா பள்ளிக்குச் சில சமயம் வாகனத்திலும் சில சமயம் நடந்தும் போய் வந்ததை ஹதீஸ் கிதாபுகளில் காண்கிறோம். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் விடச் சொன்னதும் அவர்களே.

ஹஜ்ஜையும் உம்ராவையும் எண்ணிப் பாருங்கள். ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு தடவை நடப்பது ஏறக்குறைய 3 கிலோமீட்டர். இதற்கு முன்னர் தவாபு. ஹஜ்ஜின்போது மினாவில் இன்னும் அதிக நடை. நோயாளிக்கும் முதியவர்க்கும் சக்கர நாற்காலி ஆகும், அதில் குறையொன்றுமில்லை. ஆனால் ஐம்பது வயது மனிதர், இருபது வருடம் பணம் சேர்த்துப் போனவர், கால் சேர்த்து வைக்காத காரணத்தால் தள்ளிக்கொண்டு போகப்படுவது எவ்வளவு பரிதாபம்! பணத்தைத் தபுங் ஹாஜியில் போடுகிறோம். கால்களுக்கு எங்கே சேமிப்பு? சரீரம் அல்லாஹ் கொடுத்த அமானிதம். அதைக் காக்கும் நிய்யத்தோடு நடந்தால் அந்நடையும் நன்மையில் சேரும் என்றே நம்புகிறோம்.

நம் நாட்டு நிலைமை

மலேசியாவில் 2023ல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வின்படி, வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 54 பேர் அதிக எடை உள்ளவர்கள். ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு. நம் பலகையில் ஆறு பேர் உட்காரலாம்.

இதில் இந்தியவழி மக்களாகிய நமக்குத் தனி எச்சரிக்கை உண்டு. வெள்ளைக்காரர்களைவிடக் குறைந்த எடையிலேயே நமக்கு நீரிழிவும் இருதய நோயும் வந்துவிடுகின்றன. ஆகவே ஸ்காட்லாந்துக்காரர் அளவுக்குப் பருக்கும் வரை நாம் காத்திருக்கலாகாது. ஓர் அளவு நாடாவை எடுத்து வயிற்றைச் சுற்றிப் பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டினால் அது எச்சரிக்கை மணியாகும். நாடாவை இறுக்கிப் பிடித்து ஏமாற்ற வேண்டாம், ஏமாறுகிறவர் நாம்தான்.

அவர்களுக்கு மதுபானம் செய்த கெடுதலை நமக்குக் கட்டிப்பால் ஊற்றிய தே செய்கிறது. கடைக்கு வரும் ஒவ்வொரு நண்பருக்கும் ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுத்து நாமும் ஒன்று குடிப்பது நம் மரியாதையாகிவிட்டது. ஒரு நாளைக்கு ஐந்து கிளாஸ்! இரவு கடை அடைத்தபின் நாசி கண்டார், கறி மேல் கறி ஊற்றி. நடந்து செலவழிப்பதை இந்த வழியில் மீண்டும் வாங்கிவிடுகிறோம். எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல்லவில்லை; ஸ்காட்லாந்திலும் அப்படிச் சொல்லவில்லை. ஐந்தை இரண்டாக்குங்கள். இரவுச் சோற்றைப் பாதியாக்குங்கள். நண்பருக்கு மரியாதை செய்ய "தே குடியுங்கள்" என்பதோடு "சிறிது நடந்து வருவோம்" என்றும் சொல்லலாம்.

நம் சங்கம் செய்யக்கூடியது

நமக்குப் பெரிய கிளப்பும் பல்கலைக்கழகமும் வேண்டியதில்லை. திடல் இருக்கிறது; வாலிபர் குழு இருக்கிறது; பலகையில் ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். நம் யோசனை இது:

1. வாரத்தில் ஒரு மாலை, பிள்ளைகளின் ஆட்டம் தொடங்குமுன், திடலை ஒரு மணி நேரம் பெரியவர்களுக்கு விடுவது. 12 வாரம். சந்தா கிடையாது. நம் வாலிபர் குழுவின் பயிற்சியாளரே நடத்துவார். வருகிறவர்களுக்கு வாலிபர்களின் சட்டை போலவே, ஆனால் பெரிய அளவில், ஒரு சட்டை.

2. முதல் வாரம் யாரும் எதையும் மாற்ற வேண்டாம். வழக்கமான காலடிகளை எண்ணி ஒரு நோட்டில் எழுதினால் போதும்.

3. இரண்டாம் வாரம் முதல், நாள் ஒன்றுக்கு 300 அடி கூட்டுவது. அடுத்த வாரம் மேலும் 300. தினம் 3,000 அடியில் ஆரம்பித்தவர் பன்னிரண்டாம் வாரத்தில் 6,300க்கு வந்துவிடுவார்.

4. மற்ற நாட்களில் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து நடப்பது. ஸுப்ஹுக்குப் பின் வெயில் இராது. பினாங்கில் உள்ளவர்கள் கப்பித்தான் பள்ளிவாசலிலிருந்து பாடாங் கோத்தா கடற்கரை வரை போய்த் திரும்பினால் ஏறக்குறைய 2 கிலோமீட்டர். அதுவே 3,000 அடிக்குக் கிட்ட வரும்.

5. எடை பார்ப்பது தனியாக. அந்த எண் அவருக்கும் எழுதுபவருக்கும் மட்டும். உடம்பைக் குறித்துக் கேலி பேசுகிறவர் ஒரு சுற்று அதிகம் நடக்க வேண்டியது!

6. 12 வாரம் முடிந்தபின் மாதம் ஒரு முறை விசாரிப்பது. ஒன்பதாம் மாதம் எல்லாரும் கூடுவது.

முன்னெச்சரிக்கையும் அவசியம். நீரிழிவுக்கு மருந்தோ ஊசியோ எடுப்பவர்களும் இருதய நோயுள்ளவர்களும் டாக்டரைக் கலந்துகொண்டபின் ஆரம்பிக்க வேண்டும். நீரிழிவுள்ளவர்கள் செருப்பைப் போட்டு நீண்ட தூரம் நடக்காமல், காலை மூடும் மெத்தென்ற சப்பாத்து அணிந்து, வீடு திரும்பியதும் பாதத்தில் கொப்புளமோ புண்ணோ உண்டா என்று பார்க்க வேண்டும். நெஞ்சில் வலியோ இறுக்கமோ தலைச்சுற்றலோ தோன்றினால் உடனே நின்றுவிட்டு வைத்திய உதவி தேட வேண்டும். "கொஞ்சம் பொறுத்தால் சரியாகிவிடும்" என்ற வீரம் வேண்டாம்.

வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. பலகையில் இருக்கும் உங்கள் மாமாவும் பெரியத்தாவும் தாங்களாக எழுந்து வரமாட்டார்கள். அழைக்காத இடத்துக்குப் போவது அவர்களுக்குக் கௌரவக் குறைவு. நீங்கள்தான் கையைப் பிடித்து அழைக்க வேண்டும். ஒரு தடவை மறுப்பார்கள். இரண்டாம் தடவை சிரிப்பார்கள். மூன்றாம் தடவை எழுந்து வருவார்கள்.

நாமும் இப்போது நடக்கிறோம். ஆரம்பத்தில் திடலை ஒரு சுற்று வருவதற்குள் மூச்சு வாங்கியது. இன்று நான்கு சுற்று முடிகிறது, அல்ஹம்துலில்லாஹ். சுற்றி வரும்போது அந்தப் பலகையைக் கடந்து போகிறோம். நம் நண்பர் உட்கார்ந்த மூலை காலியாக இருக்கிறது. அவரைக் கூப்பிடும் காலம் போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கூப்பிட இன்னும் காலம் இருக்கிறது. இன்று மாலையே கூப்பிடுங்கள்.